மலிவு எங்கே பிறந்தது?
நகல் வாள் ஒன்று கடைக்காரர்களுக்குச் சொல்லும் பாடம்

துவரம்பருப்பு மூட்டையைப் பிரிக்காமலே தரம் சொல்லிவிடக்கூடிய உறுப்பினர் ஒருவர் நம் சங்கத்தில் இருக்கிறார். நாற்பது ஆண்டு மொத்த வியாபார அனுபவம். குத்தூசியை மூட்டைக்குள் செலுத்தி, நடுப்பகுதியிலிருந்து நாலு பருப்பை எடுத்து உள்ளங்கையில் போட்டு ஊதி, ஒன்றைக் கடித்துப் பார்த்தால் போதும். எத்தனை மாதப் பழசு, வேகுமா வேகாதா, பூச்சி விழுமா விழாதா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் சென்ற மாதம் நம் அலுவலகத்துக்கு வந்து மேசைமேல் மூன்று புகைப்படங்களை வைத்தார். “நானே ஏமாந்துவிட்டேன். நாலு பேருக்குப் பயன்படட்டும், எழுதுங்கள்” என்றார்.

முதல் படத்தில் பளபளக்கும் ஒரு வாள். ஐரோப்பாவின் இடைக்கால வீரர்கள் ஏந்திய வாளைப் பார்த்துச் செய்த நகல். இரண்டாவது படத்தில் அதே வாள், கைப்பிடி தனியாகவும் அலகு தனியாகவும். மூன்றாவது படம், முறிந்த இடத்தைக் கிட்டத்தில் வைத்து எடுத்தது.

நடந்தது இதுதான். அவருடைய அக்காள் மகன் இங்கிலாந்தில் வேலையில் இருக்கிறார். பழைய போர்களை மைதானத்தில் நடித்துக் காட்டும் குழுக்கள் அந்த நாட்டில் பல உண்டு. 1066-இல் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரை, அது நடந்ததாகக் கருதப்படும் இடத்திலேயே அக்டோபர் மாதத்தில் நடித்துக் காட்டுவார்கள். போலந்திலும் 1410-இல் நடந்த கிரன்வால்ட் போரை ஜூலை மாதத்தில் இப்படியே நடத்துகிறார்கள். பொழுதுபோக்காக அப்படியொரு குழுவில் சேர்ந்த மருமகனுக்குப் பரிசு கொடுக்க நினைத்த நம் உறுப்பினர், ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில், வாளுக்குப் பெயர்போன ஸ்பெயின் நாட்டு டொலேடோ நகரில் இரண்டு கடை ஏறி இறங்கினார்.

முதல் கடைக்காரர், “இது சுவரில் மாட்டுவதற்கு மட்டும். கையில் எடுத்து வீசக்கூடாது” என்று சொல்லிவிட்டார். இரண்டாவது கடைக்காரர், “வீசலாம், மோதலாம், ஒன்றும் ஆகாது” என்றார். விலையும் கொஞ்சம் குறைவு. நம் உறுப்பினர் இரண்டாவது கடையில் வாங்கினார். இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டத்தில் மருமகன் அதை மூன்றாவது முறை வீசியபோது, அலகு பிடியைவிட்டுக் கழன்று பறந்தது. விழுந்த இடத்துக்கு இரண்டு அடி தள்ளி அவருடைய நான்கு வயது மகள் நின்றுகொண்டிருந்தாள்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு அடி நம் உறுப்பினரைத் தூங்கவிடவில்லை. “மூட்டையின் வாயைப் பார்த்துப் பருப்பு வாங்காதவன், பளபளப்பைப் பார்த்து வாளை வாங்கிவிட்டேனே” என்பது அவர் வருத்தம்.

நம்மில் யாரும் நாளைக்கே வாள் வியாபாரம் தொடங்கப் போவதில்லை. ஆனாலும் மலிவுச் சரக்கைத் தரம் பார்ப்பது எப்படி என்பதை இந்த வாளைப்போல் தெளிவாகச் சொல்லித்தரும் பொருள் வேறு இல்லை என்று நமக்குத் தோன்றியது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

அசல் வாள் எத்தனை கிலோ?

நகலைத் தரம் பார்க்க வேண்டுமானால் அசல் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். சினிமாவில் பார்த்துப் பழகி, பழைய ஐரோப்பிய வாள் என்றால் பத்துக் கிலோ இரும்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அருங்காட்சியகங்களில் உள்ள ஒருகை வாள்கள் பெரும்பாலும் 1 கிலோவுக்கும் 1.5 கிலோவுக்கும் இடைப்பட்டவை. சண்டை முடியும்வரை தூக்கிச் சுழற்ற வேண்டிய கருவி கனமாக இருந்தால் ஏந்தியவன்தான் முதலில் சோர்ந்து விழுவான்.

எடையைக் குறைக்க அந்தக் காலத்துக் கொல்லர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். ஒன்று, அலகின் தடிமனைப் பிடியிலிருந்து முனைவரை படிப்படியாகக் குறைத்தார்கள். பிடியருகே 5 அல்லது 6 மில்லிமீட்டர் இருக்கும் அலகு, முனையருகே 2 அல்லது 3 மில்லிமீட்டராக மெலிந்திருக்கும். மற்றொன்று, அலகின் நடுவே நீளவாக்கில் பள்ளம் இழைத்தார்கள். இரத்தம் வடிவதற்கான பள்ளம் என்று சொல்வது வெறும் கதை. வலு குறையாமல் எடையைக் குறைப்பதே அதன் வேலை.

இந்த வாள்களை அலகின் வடிவம், பள்ளத்தின் நீளம் முதலியவற்றை வைத்து வகைப்படுத்தியவர் யூவார்ட் ஓக்ஷாட் (1916–2002) என்ற ஆங்கிலேய ஆய்வாளர். அவர் ரோமன் எண்களில் 10 முதல் 22 வரை வகை பிரித்தார். நகல் வாள் செய்யும் நல்ல நிறுவனங்கள், “இது ஓக்ஷாட் பிரிவில் இன்ன எண்” என்று இன்றும் அவர் கணக்கைத்தான் சொல்கின்றன. நாம் பொன்னி, சோனா மசூரி என்று ரகம் சொல்வதுபோல.

மிச்சம் பிடித்த இடம் எது?

ஒரு பொருள் மலிவாகக் கிடைக்கிறது என்றால், செய்தவர் எங்கோ மிச்சம் பிடித்திருக்கிறார் என்று பொருள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. எங்கே மிச்சம் பிடித்தார் என்பதுதான் கேள்வி. வாளில் மிச்சம் பிடிக்கக்கூடாத இடங்கள் நான்கு.

முதலாவது, எஃகு. சுவரில் மாட்டும் வாள்கள் பெரும்பாலும் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் எஃகில் செய்யப்படுகின்றன. சமையலறைக் கத்திக்கு அது நல்ல சரக்கு. ஆனால் மூன்றடி நீள அலகுக்கு ஆகாது. வீசி மோதும்போது வளைந்து கொடுக்காமல் முறிந்துவிடக்கூடும். உழைக்கும் வாளுக்குக் கரி எஃகு வேண்டும். 1055, 1060, 1075 என்ற எண்களில் கடைசி இரண்டு இலக்கங்கள் கரியின் அளவைக் காட்டும். 1060 என்றால் நூற்றில் சுமார் 0.60 பங்கு கரி. 5160, இ.என்.45 என்பவை வண்டிகளின் வில்பட்டைக்கு உகந்த எஃகு. நம்மூர்க் கொல்லர்கள் பழைய லாரிப் பட்டையைத் தேடி வாங்கி அரிவாள் அடிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. “துருவே பிடிக்காது” என்று ஒரு வாளைப் பெருமையாக விளம்பரம் செய்தால், அது மாட்டிவைக்கும் வாள் என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். நல்ல வாளுக்குத் துரு பிடிக்கும். எண்ணெய் தடவித் துடைத்து வைக்க வேண்டும். வாங்குகிறவர் குறை என்று நினைப்பதே சில சரக்குகளில் நிறையாக இருக்கும்.

இரண்டாவது, தோய்ச்சல். எஃகைச் செக்கச்செவேலெனக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கெட்டிப்படும். அப்படியே விட்டால் கண்ணாடிபோல் உடையும். ஆகவே மறுபடியும் மிதமாகச் சூடுகாட்டி அதைப் பதப்படுத்த வேண்டும். கெட்டித்தன்மையை அளக்கும் ராக்வெல் என்ற அளவையில், இன்றைய நல்ல நகல் வாள்கள் ஏறக்குறைய 48 முதல் 53 வரை இருக்கும். குறைந்தால் வளைந்தது வளைந்தபடியே நிற்கும், மிஞ்சினால் ஒடியும். நேரத்தையும் எரிபொருளையும் மிச்சம் பிடிக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது இந்த இடத்தில்தான். பார்த்தால் தெரியாது அல்லவா?

மூன்றாவது, இழைப்பு. முன்பு சொன்னதுபோல் அலகை முனைவரை மெலிய வைக்க மணிக்கணக்கில் சாணை பிடிக்க வேண்டும். அந்தக் கூலியை மிச்சம் பிடிப்பவர், ஒரே தடிமனுள்ள தகட்டை வாள் வடிவில் வெட்டி ஓரத்தை மட்டும் சீவிவிடுகிறார். 1.2 கிலோ இருக்க வேண்டிய வாள் 2 கிலோ ஆகிறது. வாங்குகிறவரோ, கனமாக இருப்பதால் உறுதியான சரக்கு என்று மகிழ்ந்துபோகிறார்.

நான்காவதுதான் மிக முக்கியம். அரிவாளின் அலகு மரப்பிடிக்குள் நுழைந்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். வாளிலும் அப்படியே அலகின் அடிப்பகுதி மெலிந்து கைப்பிடிக்குள் சென்று, மறுமுனையிலுள்ள குமிழ்வரை நீள வேண்டும். இதை வால் என்று வைத்துக்கொள்வோம். அலகும் வாலும் ஒரே துண்டாக, வால் அகலமாகவும், தோள்பட்டை சேரும் இடம் கூர்மூலையாக இல்லாமல் வளைவாகவும் இருக்க வேண்டும். மலிவு வாளிலோ அலகைப் பிடிக்குச் சற்று உள்ளேயே முடித்துவிட்டு, அதில் சுண்டுவிரலைவிடச் சிறிய மரையாணிக் கம்பி ஒன்றைப் பற்றவைத்துவிடுகிறார்கள். பற்றுவைத்த இடத்தில் எஃகின் பதம் கெட்டுவிடும். வீச்சின் வேகம் முழுவதும் அந்தப் புள்ளியில்தான் விழும்.

நம் உறுப்பினர் காட்டிய மூன்றாவது படத்தில் இருந்தது அந்தக் கம்பிதான். பிடிக்குமேல் தோலும், பொன்னிறக் கம்பியும், சிங்கமுகக் குமிழும். உள்ளே எலிவால். விளக்கமாற்றுக்குப் பட்டுக் குஞ்சம் கட்டுவது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

மலிவாகவும் நன்றாகவும் இருக்க முடியுமா?

முடியும். சிங்கமுகம் வேண்டாம், சாதாரண வட்டக் குமிழ் போதும். உறை இல்லாமல் விற்கலாம். மெருகேற்றாமல் சாணைக் கோடுகள் தெரியும்படி விட்டுவிடலாம். பிடிக்கு மரத்தின்மேல் மெல்லிய தோல் போதும். இப்படி அலங்காரத்தில் மிச்சம் பிடித்து, மேலே சொன்ன நான்கிலும் கைவைக்காமல் செய்யப்படும் வாள்கள் உலகச் சந்தையில் இருக்கின்றன. மாட்டிவைக்கும் ரகம் 50 டாலருக்கும் கிடைக்கிறது. உழைக்கும் எளிய நகல்கள் ஏறக்குறைய 200 முதல் 400 டாலர். அசலை அளந்து செய்யும் உயர்ந்த நகல்கள் ஆயிரம் டாலரைத் தாண்டும்.

இந்த நடுத்தர விலைச் சந்தையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1943-இல் டேராடூனில் தொடங்கப்பட்ட வின்ட்லஸ் ஸ்டீல்கிராஃப்ட்ஸ் நிறுவனம், கூர்க்கா வீரர்களுக்குக் குக்ரிக் கத்தி செய்வதில் ஆரம்பித்து, இன்று ஐரோப்பிய வாள்களின் நகல்களை மேல்நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது.

கடையில் நின்றபடியே பார்க்கக்கூடியவை

1. தராசில் வையுங்கள். ஒருகை வாள் 1.5 கிலோவுக்கு மேல் போனால் காரணம் கேளுங்கள்.

2. விரல்மேல் கிடத்தி எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று பாருங்கள். கைகாப்புக் கட்டையிலிருந்து சுமார் 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் நின்றால் நல்லது. அதைவிட வெகுதூரம் தள்ளிப் போனால் முனைப்பாரம் அதிகம். கை வலிக்கும், வீச்சும் கட்டுப்படாது.

3. பிடியருகிலும் முனையருகிலும் தடிமனை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது தகடு வெட்டிய சரக்கு.

4. தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் கோணல் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. காதருகே வைத்து மெல்லக் குலுக்குங்கள். கடகட என்ற ஓசையோ சிறு ஆட்டமோ இருந்தால் உள்ளே இறுக்கம் இல்லை.

6. குமிழின் நுனியைக் கவனியுங்கள். வால் வெளியே வந்து, சம்மட்டியால் அடித்துப் பரப்பப்பட்டிருந்தால் பெரும்பாலும் நல்ல அறிகுறி. நட்டு போட்டு முடுக்கியிருந்தால் அதுவே குற்றமாகாது, தளர்ந்தால் முடுக்கலாம். கழற்றி வாலைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அதுவே பதில்.

7. கடைக்காரர் அனுமதியோடு முனையை மரப்பலகையில் ஊன்றி இரண்டு அங்குலம் வளைத்துவிட்டுப் பாருங்கள். பழையபடி நேராக வர வேண்டும். குத்துவதற்கென்றே செய்த வாள் விறைப்பாகத்தான் இருக்கும், அது குறையல்ல. கல்லிலோ இரும்பிலோ அடித்துச் சோதிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். நல்ல வாளும் கெடும், நின்றவருக்கும் ஆபத்து.

காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். கத்திக்கும் வாளுக்கும் பயன்படும் 420, 440 வகை ஸ்டெயின்லெஸ் எஃகிலும் காந்தம் ஒட்டும்.

பெயரை நம்பலாமா?

இத்தனை சோதனை எதற்கு, நல்ல பெயர் பொறித்ததைப் பார்த்து வாங்கிவிடலாமே என்று தோன்றும். அதற்கும் வாள்களிடமே பதில் இருக்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து பதினோராம் நூற்றாண்டுவரை ஐரோப்பாவில் ‘உல்ஃப்பெர்ட்’ என்ற பெயர் பொறித்த வாளுக்கு மிகுந்த மதிப்பு. அப்படிப்பட்ட வாள்கள் சுமார் 170 இதுவரை கிடைத்திருக்கின்றன. அவற்றில் பலவற்றை ஆராய்ந்த உலோக ஆய்வாளர் ஆலன் வில்லியம்ஸ் தம் முடிவுகளை 2009-இல் வெளியிட்டார். பெயரின் கடைசி எழுத்துக்கு முன்னால் சிலுவைக்குறி போட்ட வாள்கள் பலவற்றில் கரி மிகுந்த உயர்ந்த எஃகு இருந்தது. சிலுவைக்குறி இடம் மாறியோ எழுத்து மாறியோ இருந்தவற்றில் பல, தரம் குறைந்த சரக்கு. பின்னவை அந்தப் பெயரின் மதிப்பைப் பார்த்துச் செய்யப்பட்ட போலிகள் என்பது அவர் கருத்து. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பிரபல பிராண்டின் எழுத்தைச் சற்று மாற்றி விற்றிருக்கிறார்கள்! சோப்பிலும் பற்பசையிலும் ஓர் எழுத்து மாறிய போலிகளைப் பார்த்துச் சலித்த நமக்கு இது புதிதல்ல. வித்தியாசம் என்னவென்றால், அன்று ஏமாந்தவனுக்குப் போர்க்களத்தில்தான் அது தெரிந்திருக்கும்.

பின்னாளில் ஜெர்மனியின் பாசாவ் நகரத்து ஓநாய் முத்திரையைச் சோலிங்கன் நகரக் கொல்லர்களும் தங்கள் வாளில் பொறித்தார்கள். காலம் சுழன்றது. சோலிங்கனே பெரும் பெயர் பெற்றுவிட, அந்தப் பெயரை மற்றவர் பயன்படுத்தாமல் காக்க 1938-இல் ஒரு சட்டமும், 1994-இல் ஒரு விதியும் கொண்டுவர வேண்டியதாயிற்று. கத்தி முதலியவற்றின் முக்கியமான வேலைகள் எல்லாம் அந்தப் பகுதியில் நடந்திருந்தால்தான் ‘சோலிங்கன்’ என்று பொறிக்கலாம். பெயர் பெரிதுதான். ஆனால் பெயருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது வாங்குகிறவர் பொறுப்பு. அதைவிட முக்கியமாக, விற்கிறவர் பொறுப்பு.

நம் வாயால் சொன்னது

நம் கதைக்கு வருவோம். டொலேடோவின் முதல் கடைக்காரரும் மாட்டிவைக்கும் வாளைத்தான் வைத்திருந்தார், இரண்டாமவரும் அதையேதான். சரக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் உள்ளதைச் சொன்னார், மற்றவர் சொல்லவில்லை. குழந்தைக்கு இரண்டு அடி தள்ளி அலகு விழுந்ததற்குக் காரணம் மலிவுச் சரக்கு அல்ல. “ஒன்றும் ஆகாது” என்ற சொல்தான்.

இதைச் சட்டமும் பார்க்கிறது என்பதை நம் உறுப்பினர்கள் நினைவில் வைக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. தயாரித்தவர் தராத ஓர் உறுதியைக் கடைக்காரர் தாமாகவே தந்து, பொருள் அதன்படி இல்லாமல் தீங்கு நேர்ந்தால், விற்றவர் பொறுப்பேற்க நேரிடும். தயாரித்தவர் யாரென்றே தெரியாத சரக்கை விற்றிருந்தாலும் அப்படியே. ஆகவே பேன்சி சாமானோ, மின்சாரப் பொருளோ, பிரஷர் குக்கரோ, “ஒன்றும் ஆகாது, நான் கியாரண்டி” என்று வாய் தவறிச் சொல்லும்முன் ஒரு கணம் யோசிப்பது நல்லது. வாங்கிய இடத்தின் பில்லைப் பத்திரமாக வைப்பது அதைவிட நல்லது.

பரிசுப்பொருள் கடை வைத்திருக்கும் அன்பர்கள் யாராவது வாள் வாங்கி விற்க நினைத்தால் ஒரு வார்த்தை. வாளும், 9 அங்குலத்துக்கு மேல் அலகுள்ள கூரிய ஆயுதங்களும் நம் நாட்டின் ஆயுத விதிகளில் இடம்பெற்றுள்ளன. உங்கள் பகுதியில் உரிமம் தேவையா என்று முதலில் காவல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படங்களை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நம் உறுப்பினர் சொன்னார்: “முதல் கடைக்காரர் பிழைக்கத் தெரியாதவர் என்று அன்றைக்கு நினைத்தேன். மறுபடியும் அந்த ஊருக்குப் போனால் அவர் கடையில்தான் வாங்குவேன்.” அன்று மாலையே அவர் கடைக்கு நாம் போயிருந்தோம். பருப்பு எடுக்க வந்த சில்லறைக் கடைக்காரர் ஒருவரிடம், விலை குறைந்த மூட்டையைக் காட்டி, “இது பழைய சரக்கு, வேக நேரமாகும். ஓட்டலுக்குக் கொடுத்துவிடாதீர்கள், சண்டைக்கு வருவார்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர் அந்த மூட்டையையும் எடுத்துக்கொண்டார், புதுச் சரக்கில் ஒரு மூட்டையும் எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு சரக்கிலும் பிடிக்குள் மறைந்த வால் ஒன்று இருக்கும். நீங்கள் விற்கும் பொருளில் அது எது, வாங்கும்போது அதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.